நாலு எம்எம்

செவ்வாய்ப்பேட்டை டைல்ஸ் கடையில்
இடைவெளியைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள்.
ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று.
வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பொடிப்பொடியாய்க் கூட்டல் குறிகள்,
பாக்கெட்டுக்கு நூறு.
எதைக் கூட்ட என்று கேட்டேன்.
கடைப்பையன் செல்போனிலிருந்து தலை தூக்காமல்
"கேப்புக்குங்க" என்றான்.

செங்கோடனுக்குக் கேப்பே கூடாது.
ஃபேர்லேண்ட்ஸில் அவர் தங்கை வீட்டு அடுப்படிச் சுவர்
ஒரே கண்ணாடி மாதிரி இருக்கிறதாம்.
கோடு தெரிந்தால் பஸ் ஸ்டாண்டு கழிப்பறை ஞாபகம் வருகிறதாம்.
வரட்டுமே,
தேய்க்கப்போகிறவள் நான்.

மேஸ்திரி மாதையன் பெட்டியைப் பிரித்து
நாலு டைல்ஸைத் தோளோடு தோளாக நிறுத்தினார்.
ஒன்று தலை தூக்கியது. ஒன்று இடுப்பை வளைத்தது.
"தள்ளுபடிச் சரக்குங்க. ஒரே சூளைதான்,
ஆனாலும் அண்ணன் தம்பிங்க.
ஒட்டி வெச்சா ஒருத்தன் கோணல் அடுத்தவன் மேல தெரியும்.
ரெண்டு எம்எம் விடுங்க, மறைச்சிடறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.
பதினோரு வருஷமாய் எனக்குச் சம்பளமே
இடைவெளிக்குத்தான்.
மேக்னசைட் ஜங்ஷன் பக்கம், சரக்கு லைனில்,
ஒரு தண்டவாளம் முடிந்து இன்னொன்று தொடங்குமிடத்தில்
தகடு செருகி அளந்து நோட்டில் எழுதுகிறவள்.
சித்திரையில் இரும்பு அறுபது டிகிரி தொடுகையில்
மூடிக்கொண்ட மூட்டைத் திட்டிக்கொண்டே ஸ்பேனர் பிடிக்கிறவள்.
இடம் விடாவிட்டால்
இரும்பே புரண்டு படுக்கும்.
அடுப்புக்கு மேலே ஒட்டின மண் எம்மாத்திரம்.

சொன்னால்
வீட்டுக்குள்ளே ரயில் விடாதே என்பார்.

ராத்திரி உடைந்த டைல்ஸ் ஒன்றின் முதுகில்
மூன்று நிறக் கலவையைத் தடவிக் காயவைத்து
மேலே மஞ்சளும் கடலை எண்ணெயும் சொட்டிவிட்டுப் படுத்தேன்.
விடிந்தபோது ஐவரிக்குக் காமாலை.
வெள்ளையைச் சொல்லவே வேண்டாம்.
சிமெண்டு நிறம் மட்டும்
எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற முகத்தோடு.
சரி, நிறம் முடிந்தது.

லீவு நாளில் டேப்பை இழுத்தேன்.
சுவர் இரண்டாயிரத்து நூற்று எண்பத்து நாலு எம்எம்.
டைல்ஸ் நூற்றுக்கு நூறு.
இருபத்தொன்று வைத்தால் நடுவில் இருபது கோடு.
ஒட்டி வைத்தால் கடைசியில் எண்பத்து நாலில் ஒரு துண்டு.
இரண்டு விட்டால் நாற்பத்திரண்டில்.
மூன்று விட்டால் விரல் தடிமனில் ஒரு நறுக்கு,
அதுவும் ஜன்னலோரம்,
வருகிறவர் கண் முதலில் போய் உட்காருமிடத்தில்.
நாலு விட்டால்
துண்டே கிடையாது.
இருபத்தொன்றும் முழுசு,
இந்த ஓரம் இரண்டு, அந்த ஓரம் இரண்டு மிச்சம்.

மாதையன் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.
காதிலிருந்த பென்சிலை எடுத்து
ஒன்றும் எழுதாமல் திரும்பச் செருகினார்.
"நாலுக்குக் கடையில கூட்டல் குறி இல்லைங்களே."

ஐந்து ரோட்டில் கிரில் கேட் பற்றவைக்கிற தாவூதிடம்
நாலு எம்எம் வெல்டிங் ராடில் எரிந்து மிஞ்சிய கட்டைகள்,
ஊறுகாய்ப் பாட்டில் நிறைய, வாங்கி வந்தேன்.
மேல்பூச்சைத் தட்டி உதிர்க்க ஆள் வேண்டியிருந்தது.
செங்கோடன் ஒன்றை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
"இவ்வளவுதானா நாலு?"
"இவ்வளவுதான்."
பிறகு அவரும் தட்டினார், சாயங்காலம் வரை.

போன ஞாயிறு தங்கை வந்திருந்தாள்.
கடுகு வெடித்துச் சுவரில் தெறித்ததை
ஈரத்துணியால் கோட்டோடு இழுத்துக்கொண்டிருந்தேன்,
மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பு.
"கோடு கொஞ்சம் தடியா இல்லை?" என்றாள்.
டம்ளரைக் கீழே வைக்காமலே செங்கோடன்
"அது கணக்குப் போட்டு விட்டது" என்றார்.
யார் போட்ட கணக்கு என்று
அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
நான் அடுப்பைக் குறைத்துவிட்டு
கருவேப்பிலையைக் கிள்ளிப் போட்டேன்.