வெற்றுக் கட்டம் பற்றி ஒரு குறிப்பு

டோம்லூர் மேம்பாலத்தைப் பார்த்த நான்காம் மாடி.
கண் இமைக்காத ஒரு வாசகருக்கு
எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கருவி வேட்பாளர்களைத் தேடும்.
பெயர் கொடு, தொகுதி கொடு, ஆண்டு கொடு.
சொத்து, கடன், வழக்கு, படிப்பு திரும்பி வரும்.
யாருக்கு வாக்களிக்கலாம் என்று ஒருவர் கேட்டால்
இதை அழைக்காதே.

மனிதருக்கு என்றால்
ஒரு வணக்கம் வைத்திருப்பேன்.
பாதியில் காபிக்கு எழுந்து போவார் என்று
முக்கியமானதை மேலே ஏற்றியிருப்பேன்.
இது எழுந்து போகாது.
கமாவைக்கூட நம்பும்.
அதுதான் பயம்.

ஏஜென்ட் என்று தட்டும்போதெல்லாம்
எனக்கு பூத் ஏஜென்ட் ஞாபகம்:
ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து
பெயரை உரக்கக் கேட்டு
ஸ்கேலை வைத்துக் கோடு போடுகிறவர்.
செத்தவர் பெயரில் ஆள் வந்தால்
முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்.
இதற்கு நிமிர முகம் இல்லை,
நான் எழுதும் வரி மட்டும் உண்டு.

பெயர் என்ற புலத்துக்கே ஒரு பகல் போயிற்று.
கன்னடத்தில் நிரப்பி, ஆங்கிலத்தில் தட்டி
எங்களிடம் வந்து சேர்வதற்குள்
செங்கமலம் மூன்று பெண்களாகியிருந்தாள்:
ஷெங்கமலா, செங்கமலம்மா, சங்கமல்.
பக்கத்துத் தொகுதியில்
ஒரே பெயர், ஒரே இனிஷியலில் நான்கு ஆண்கள்.
அதில் மூன்று பேரை
யாரோ ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்கள்.
ஒருத்தியை மூவராகப் பார்க்காதே,
நால்வரை ஒருவராக்காதே என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்த பர்வேஸ் கேட்டான்:
"என்ன, வேதாந்தமா?"

மாலையில் சோதனை.
மர்ஃபி டவுன் பக்கம் நிற்கும் சுயேச்சைகள் பற்றிச் சொல்.
சொன்னது, சுத்தமாக, புள்ளி வைத்து:
செங்கமலத்துக்குச் சொத்து இல்லை.
வழக்கு இல்லை.
படிப்பு இல்லை.

எதற்கோ பிரமாணப் பத்திரத்தின் ஸ்கேனைத் திறந்தேன்.
வழக்கு என்ற கட்டத்தில் ஒரு கோடு,
அழுத்தி, காகிதம் கிழியும்படி.
அது நிஜமாகவே இல்லை.
படிப்பு இருக்க வேண்டிய நான்காம் பக்கம்
மடிந்து ஸ்கேன் ஆகியிருக்கிறது;
நோட்டரியின் பாதி முத்திரை மட்டும் தெரிகிறது.
சொத்துக் கட்டம் காலி.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், சரிந்த எழுத்தில்:
கையில் ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
கம்மல் இரண்டு கிராம்.
தையல் மிஷின் ஒன்று, பழசு, ஓடும்.

ஓடும் என்று யார் கேட்டார்கள்?
எந்தப் புலத்திலும் அதற்கு இடமில்லை.
எங்கள் நிரல் கட்டத்துக்குள் மட்டும் பார்த்தது.
அந்த "இல்லை" எங்களுடையது.

பள்ளிக்கூடத்தில் இல்லைக்கும் அல்லவுக்கும்
வித்தியாசம் கேட்டு ஐந்து மதிப்பெண் கொடுத்தார்கள்.
தெரியாது என்று எழுதியவர்களுக்கு
ஒன்றும் கொடுக்கவில்லை.

இரவு எட்டரைக்கு, எடுத்துக்காட்டுகளோடு
பதினேழு வரி எழுதி அனுப்பினேன்.
அஷ்வத் திருப்பி அனுப்பினார்:
நீளம் அதிகம், டோக்கன் வீண், குறைக்கவும்.
குறைத்தேன்.
ஆட்டோவில் வந்த மூவர் போனார்கள்.
கோடும் முத்திரையும் போயின.
தையல் மிஷினை எடுக்க மனசில்லாமல் வைத்திருந்து
அதையும் எடுத்தேன்.
மிஞ்சியது:

கட்டம் காலியாக இருந்தால்
இல்லை என்று சொல்லாதே.
எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்,
மூலப் பக்கத்தின் இணைப்பைக் கொடு.

பர்வேஸ் ஷூ லேஸ் கட்டியபடியே
ஒற்றைக் கையால் தட்டினான்:
செங்கமலம் படித்தவரா?
அந்தப் பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை, இதோ இணைப்பு.
"ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்."
கிடைக்கவில்லை.
"சும்மா ஒரு ஊகம்?"
கிடைக்கவில்லை.

"பிடிவாதம் பிடிக்கிறது" என்றான்,
என்னைப் பார்த்து.
லிஃப்ட் பழுது.
நான்கு மாடியும் இறங்கினோம்.