ஒன்பதே முக்கால்

முதல் வாந்தி பாலாகத்தான் வந்தது.
தோள்துண்டில் தயிர்த் திப்பி, புளித்த வாடை.
"கக்குற புள்ள தக்கும்பா டில்லி"
மாடியிலிருந்து மேகலா சொல்லிவிட்டு
விளக்கை அணைத்தாள்.

இரண்டு மணிக்கே கஜா காசிமேடு போயிருந்தாள்.
ஏலம் எடுக்கும் நேரத்தில் அவள் போன்
கூடைக்கடியில் கத்திக்கொண்டிருக்கும்.
நானும் பூவிழியும்.
பூவிழிக்கு ஏழு மாதம்.
எனக்கு, அப்பன் என்ற வகையில், அதே ஏழு மாதம்.

சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன்.
நகக்கண்ணில் கிரீஸ் மட்டும் போகவில்லை.
காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர்,
ஒரு பாக்கெட் உப்புச்சர்க்கரைப் பொடி, முழுசாக.
பாதி பாக்கெட்டைப் பிறகுக்கு வைக்கும் என் புத்தியை
அட்டையில் எழுதியிருந்தது தடுத்தது.
ஒரு ஸ்பூன். கொஞ்சம் பொறு. இன்னொரு ஸ்பூன்.
கக்கினாள்.
பத்து நிமிடம் சுவரைப் பார்த்தேன்.
மறுபடி ஒரு ஸ்பூன்.

என்ஜினுக்கு எண்ணெய் பார்க்கக் கம்பி இருக்கிறது.
இவளுக்கு?
நாக்கைத் தொட்டேன், ஈரம் குறைந்திருந்தது.
உச்சிக்குழியில் விரல் வைத்தேன், தெரியவில்லை,
இப்படித்தான் எப்போதும் இருக்குமா,
ஒருநாளாவது தொட்டுப் பார்த்திருக்கிறேனா?
துணி காய்ந்து கிடந்தது.
கடைசியாக நனைத்தது
நான் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்து நின்றபோது.
ஒன்பதே முக்கால்.
காலண்டர் தாளில் எழுதி வைத்தேன், ஏனென்று தெரியாமல்.

பிறகு அழுகை மாறியது.
கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டாள்.
விட்டாள். துவண்டாள்.
தூங்கிவிட்டாள் என்று நான் மூச்சுவிட்டதும்
மறுபடி மடக்கினாள்.

நாலு ஐந்துக்கு வந்தது பால் இல்லை.
பச்சை.
இலைப் பச்சை இல்லை, கிளிப் பச்சை இல்லை,
ரேடியேட்டர் உடைந்தால் தரையில் வழியுமே
அந்தக் கூலன்ட் பச்சை.

தடுப்பூசி அன்று நர்ஸ் எப்சிபா,
வாயில் பேனா மூடியோடு, எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார்:
"பச்சையா எடுத்தா யோசிக்காதீங்க.
ரத்தம் பட்டாலும் யோசிக்காதீங்க.
புள்ள எழும்பாம கெடந்தாலும். தூக்கிட்டு ஓடுங்க."
அன்று நான் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.
காது மட்டும் எப்படியோ வாங்கி வைத்திருக்கிறது.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி, வாலும் தெரியவில்லை தலையும் தெரியவில்லை,
நின்றுகொண்டிருந்தது
நாளைக்கும் நிற்கப்போகிற மாதிரி.
மடியில் இன்னொரு பச்சை.
இரண்டு பேர் குனிந்து பெட்டிக்கடியில் நுழைந்து போனார்கள்.
நானும் இறங்கினேன்.
"ஏறுபா" என்றான் இஸ்மாயில், ஆட்டோவைத் திருப்பியபடியே.
"மூலக்கொத்தளம் சுத்திப் பூடலாம்.
புள்ளைய நிமித்திப் புடி."

ஸ்டான்லியில் சின்ன வயசு டாக்டரம்மா,
குனிந்து எழுதிக்கொண்டே கேட்டார்:
"எத்தன வாந்தி?"
"ஆறு. கடைசி ரெண்டு பச்சை."
பேனா நின்றது.
"கடைசியா ஒண்ணுக்குப் போனது?"
"ஒம்பதே முக்கால்."
முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டிருக்கிறதாம்.
பைக் ஃபோர்க் அடி வாங்கினால்
உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளும், தெரியும் எனக்கு.
காற்றடித்துத் தள்ளிப் பார்ப்போம் என்றார்கள்,
அதுவும் தெரியும், அதனால்தான் பயந்தேன்:
எத்தனை டியூப் என் கையில் வெடித்திருக்கிறது.
கையெழுத்துப் போட்டேன்.
தாளில் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது.

கதவு திறந்து "வந்துடுச்சு" என்றார்கள்.
எது வந்தது, எங்கே வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.
"இன்னும் லேட்டாயிருந்தா..." என்று தொடங்கிய டாக்டரம்மா
வேறு பிள்ளைக்குப் போய்விட்டார்.

வெயிலேறி வந்தாள் கஜா, ஒரு கால் செருப்போடு.
முழங்கை வரை கழுவிவிட்டும்
மீன் வாசம் போகவில்லை என்று தள்ளியே நின்றாள்.
நான் என் நகங்களைக் காட்டினேன்.

பதினொன்று இருபது.
சலைன் சொட்டிக்கொண்டிருந்தது.
என் காக்கிச் சட்டையில், வயிற்றுப் பக்கம்,
வெதுவெதுவென்று ஏதோ பரவியது.
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.
"இன்னா, தனியா சிரிச்சுக்கினுகீற?"
"மணி பாரு" என்றேன்.
"எழுதிக்கோ."