முன்னால் ஒரு மேற்கோள்

லிங்கிச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
சிஎஸ்வியில் சேமித்துத் திரும்பத் திறந்தால்
துபாய் போன நாற்பத்தோரு பேரும்
ஒரே ஆளாகியிருந்தார்கள்:
9.71E+11.

கூட்டல் குறியும் நடுவே கோடுகளும் போட்டால்
கணக்குப் பார்த்துவிடுகிறது எக்செல்.
செய்யது மீரானின் நம்பருக்கு விடை
மைனஸ் நாலாயிரத்துச் சொச்சம்.
அவன் மனைவி எதிரே உட்கார்ந்திருக்கிறாள்,
கையில் டோக்கன்.

பக்கத்து சீட் ரெஜினா எட்டிப் பார்த்தாள்.
"முன்னாடி ஒத்தை மேற்கோள் போடுப்பா."
போட்டேன்.
கட்டத்தில் அது தெரிவதில்லை.
ஆனால் எண் இனி எண்ணில்லை, எழுத்து;
கழிக்க முடியாது.

பழைய ஃபாரங்களைப் பார்த்து
ஒவ்வொருத்தராகத் திரும்ப அடிக்கிறேன்.
மீரானுக்குக் கடைசி இலக்கம் மட்டும்
ஜெராக்ஸில் மங்கல்.

"ரெண்டு" என்கிறாள்,
டோக்கனிலிருந்து கண்ணெடுக்காமல்.