தாடையைத் தாழ்த்தி

இருபத்திரண்டு வருஷம் அண்ணாந்தே நின்றேன்
போர்ட் எலிசபெத் கார்ப் பட்டறையில்.
தலைக்கு மேலே கார்களின் வயிறு
ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து போகும்.
ஒரு வயிற்றுக்கு நான்கு திருகாணி,
எண்பது நொடி,
பிறகு அடுத்தது.

இப்போது என் கழுத்துக்குள்
ஒரு தகடு, நான்கு திருகாணி.
எக்ஸ்ரேயைக் காட்டியதும்
நேராக ஏறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.
ஏறியிருந்தது. நல்ல கை.

முன்பக்கமாகத் திறந்தார்களாம்.
எலும்புக்குப் போகிற வழியில் உணவுக்குழாய்.
"கொஞ்சம் ஓரமாகப் பிடித்துக்கொண்டோம், இரண்டு மணி நேரம்"
என்றார் டாக்டர் ஸ்டெய்ன்,
நெரிசல் பஸ்ஸில் யாரையோ தள்ளி நிற்கச் சொன்னவர் மாதிரி.
தள்ளி நின்றது கோபித்துக்கொண்டது.
வீங்கி உட்கார்ந்துவிட்டது.

எதையெல்லாம் விழுங்கியவள் நான்!
ஃபோர்மேன் சொன்ன ஒரு வார்த்தையை,
வெட்டிய ஓவர்டைம் காசை,
கை மரத்துப்போகிறது என்றபோது
"வயசாகிறது அம்மா" என்று கிளினிக்கில் சொன்னதை.
எதுவும் தொண்டையில் நிற்கவில்லை.
மூன்றாம் நாள்
ஒரு கரண்டி சிவப்பு ஜெல்லி நிற்கிறது.

ஸ்டீராய்டு எழுதினார்.
டெக்ஸாமெதசோன்.
மோர்கன் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு
"வீக்க மருந்து" என்று வைத்துக்கொண்டார்.
(அவர் பெயரே முருகன்தான்;
பதிவு ஆபீஸில் யாரோ விழுங்கிவிட்டார்கள்.)

ஊசி ஏறும்போது
சொல்லக்கூடாத இடத்தில் எறும்பு ஓடியது.
சிஸ்டரிடம் சொன்னேன், எழுதிக் காட்டி.
அவள் சிரித்து அடங்க நேரமாயிற்று.
"நிறையப் பேருக்கு ஓடும். யாரும் சொல்லமாட்டார்கள்."

அன்று இரவு தூக்கம் போயிற்று,
பசி வந்தது.
இப்படி ஒரு பசி
இரட்டை ஷிஃப்ட் முடித்த நாளிலும் வந்ததில்லை.
டின்மீன் குழம்பு, அதில் ஊறிய ரொட்டியின் முனை,
மாங்காய் அச்சார், எண்ணெய் வழிய.
மருந்து வயிற்றைத் திறந்துவிட்டது,
வாசல் இன்னும் பூட்டு.
சர்க்கரை மட்டும்
சாப்பிடாமலே பதினேழுக்கு ஏறியது.
வெளியே இந்த ஊர்க் காற்று,
ஜன்னல் சட்டத்தைக் கழற்றப் பார்த்தபடி.

பக்கத்துக் கட்டிலில் நொசிப்போ,
கழுத்தில் கட்டி எடுத்தவள்.
அவள் மொழியில் நாக்கைச் சொடுக்கும் எழுத்துகள் உண்டு.
இருட்டில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்க்கிறாள்,
எல்லாம் இருக்கிறதா என்று.
ஒன்று வராமல் திரும்பத் திரும்ப முயல்கிறாள்.
நானும் சேர்ந்து காத்திருந்தேன்.

காலையில் பயிற்சிக்காரப் பெண் வந்தாள்,
என் மகள் வயசு இருக்கும்.
டீயில் பொடி போட்டுக் கூழாக்கினாள்.
"தாடையைத் தாழ்த்துங்கள்,
மடியைப் பார்த்து விழுங்குங்கள்."
கீழே பார்த்து எனக்குப் பழக்கமில்லை.
தகடு விட்ட அளவுக்குக் குனிந்தேன்.
பச்சைப் போர்வைக்கடியில்
என் வயிறு.
இதற்கு யாரும் எண்பது நொடி கொடுத்ததில்லை.

ஐந்தாம் நாள், பொடி போடாத டீ
அரைக் கரண்டி
இறங்கியது.
பிறகு இருமல். பிறகு இன்னொரு அரை.
"மருந்தா, நாளா?" என்று கேட்டேன்.
டாக்டர் தோளைக் குலுக்கினார்.
"இரண்டும் இருக்கலாம். உங்கள் ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது."
அந்தப் பதில் பிடித்திருந்தது.
ஊசியை நிறுத்தினார்கள். எறும்பும் போயிற்று.

மாலை மோர்கன் பட்டறைக் கடிதம் கொண்டுவந்தார்.
லேசான வேலையாம்: முற்றம் பெருக்குவது.
சம்பளம் மூன்றில் இரண்டு.
சம்மதக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு.

சொல்லிக்கொடுத்தபடியே
தாடையைத் தாழ்த்திப் பார்த்தேன்.
இறங்கவில்லை.

ஃப்ளாஸ்க் மூடியில் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு,
துருப்பிடித்த கீல் போன்ற குரலில்,
"சங்கத்து நம்பரை எடுங்க" என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.

மறுபடி சொன்னேன்.