துண்டு போட்ட இருக்கை

ஆசாரிப்பள்ளம், இரவுப் பணி.
பூதப்பாண்டியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்
உங்கள் ஏசுவடியான்.
ஏத்தன் வாழைக்கு மருந்தடிக்கையில்
கணவாய்க் காற்று திரும்பி
அடித்ததெல்லாம் அவர் மேலேயே விழுந்திருக்கிறது.
சட்டையை வெட்டி எறிந்து
சோப்புப் போட்டுத் தேய்த்தும்
அந்த வெள்ளைப்பூண்டு நெடி போகவில்லை.
கண்மணி இரண்டும் கடுகு.
வாயோரம் நுரை. நெஞ்சுக்குள் உலை கொதிக்கும் சத்தம்.
நாடி நாற்பத்திரண்டு.

"எனக்க மாப்பிளைக்கு என்ன செய்யுவு?"
நீங்கள் கேட்டபோது என் கையில் ஊசி.
பிறகு சொல்கிறேன் என்றேன், கனகபாய் அக்கா.
இதுதான் பிறகு.

ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.
வடசேரியில் ஏறுகிறவன்
இருக்கையில் உட்கார்ந்து மணி அடிக்கிறான்.
அந்த மணிக்குத்தான் எச்சில் ஊறும்,
குடல் அசையும்,
நெஞ்சு கொஞ்சம் நிதானிக்கும்.
அடித்ததும் அவனை இறக்கிவிட ஒரு கண்டக்டர் உண்டு.
பூச்சிமருந்து செய்தது இவ்வளவுதான்:
கண்டக்டரின் கையைக் கட்டிப்போட்டது.
யாரும் இறங்கவில்லை. மணி ஓயவில்லை.
முட்டத்துக் கடலில் மூழ்கி மீண்ட அப்பனுக்குப் பிறந்தவள் நான்.
கட்டிலில் படுத்தபடி
தன் நீரிலேயே மூழ்குகிற மனுசனை
அன்றுதான் பார்த்தேன்.

அட்ரோபின் கண்டக்டரல்ல.
யாரையும் அதட்டாது.
ஓர் இருக்கை காலியாகும் கணத்தில்
சன்னல் வழியே துண்டைப் போடும்.
துண்டு மணி அடிக்காது.
கூட்டம் கூடுதலென்றால் துண்டும் கூடுதல் வேண்டும்.
மூன்று ஆம்ப்யூல். ஐந்து நிமிடம். ஆறு.
ஐந்து நிமிடம். பன்னிரண்டு.
அப்புறம் இருபத்துநான்கு.
கழுத்தொடித்து ஒடித்து என் கட்டைவிரல் கிழிந்தது.
நாற்பத்தைந்தும் ஏறிய பிறகு
அவர் அக்குளில் கை வைத்தேன்.
உணங்கியிருந்தது.
அன்று இரவு அந்த வார்டில்
அதைவிட நல்ல சொல் இல்லை.

ஆனால் மருந்துக்கு விலாசம் வாசிக்கத் தெரியாது.
நெஞ்சுக்கென்று அனுப்பியது
மூத்திரப்பைக்கும் போகும்.
தலைக்குள் ஏறி
ஞாபகம் உட்காரும் இடத்திலும் துண்டு போடும்.
மூன்றரை மணிக்கு அவர்
காற்றில் வாழைக்கன்று பிடுங்கினார்.
மின்விசிறியைப் பார்த்து
"லே, குலைய மெல்ல இறக்கு" என்றார்.
என்னைச் செத்துப்போன தங்கை என்று நினைத்து
எதற்கோ மன்னிப்புக் கேட்டார்.
எதற்கென்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

ஊமத்தைக்கு உறவுக்காரன் இந்த மருந்து.
முந்தின நாள், நல்ல உடம்பில் இதே அளவைப் போட்டிருந்தால்
என்னைப் போலீஸ் கொண்டுபோயிருக்கும்.

குறைத்தோம்.
துண்டுகள் அங்கேயே கிடக்காது,
கல்லீரலும் சிறுநீரும் ஒவ்வொன்றாய் எடுத்துப் போகும்;
சொட்டுச் சொட்டாகப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.
கட்டை அவிழ்க்க இன்னொரு மருந்து ஏறுகிறது.
முடிச்சு இறுகிப்போயிருந்தால் அதுவும் கைவிரிக்கும்.
புதுக் கண்டக்டர்களை உடம்பே வேலைக்கு எடுக்கும்.
நாளாகும், அக்கா.

விடியலில் அவர் கண் திறந்தார்.
"பிள்ளே, தொண்டை உணங்குவு. இச்சிரி வெள்ளம்."
நீங்கள் அழுதீர்கள்.
நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

ஏழே முக்கால் பஸ்ஸில்
சன்னலோரம் ஒரு பச்சைத் துண்டு, ஆளில்லை.
கால் கடுத்தது.
எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.
முட்டம் வரைக்கும்
நின்றே போனேன்.