மடை முடிந்த மறுநாள்

நேற்று வைரவர் மடை.
இன்று நல்லூர் வீதியில் மணலை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.
இருபத்தைந்து நாள் மரக்கறிக்குப் பிறகு
ஊர் முழுக்கக் கோழி தேடுகிறது.

ஸ்ரான்லி வீதியில், ஃபோன் கடைக்கு மேலே,
வால் மட்டும் எரிகிற ஒரு டிராகன்.
தலையில் பல்ப் போய் இரண்டு வருஷம்.
ஏறும் படி ஒடுக்கம்;
நிறைந்த வயிறு இறங்கும்போது
வெறும் வயிறு சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும்.
ஒட்டி நின்றோம்,
மூன்று குடும்பமும் ஒரு கேக் பெட்டியும் போகும்வரை.

ஃபானுக்குக் கீழே இடம் கிடைத்தது.
வீட்டில் 'ஒடிற் வேலை, பிந்தும்' என்று சொல்லி வந்த மயூரதி
யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தாள்.
ஜெனார்த்தனன் மெனுவின்
வலப்பக்கத்தை மட்டும் வாசித்தான்.
றொபின்சன் குருநகர். வேதக்காரன்.
எங்களோடு இருபத்தைந்து நாளும் மத்தியானம்
தோசை தின்று தின்று
"உங்கட முருகன் எனக்குக் கடன்" என்றவன்.

"மிக்ஸ் நூடில்ஸ் ஃபுல் ரெண்டு,
டெவில் சிக்கன் ஒண்டு, கணவாய் ஒண்டு."
"கணவாய் முடிஞ்சுது அண்ணை."
"ஏழு மணிக்கேயா?"
"ஊரே பசியோட வந்திட்டுதே."
ரசிந்து எழுதாமலே போனான்.
அவன் எப்போதும் எழுதுவதில்லை,
எப்போதும் ஒன்றை மாற்றிக் கொண்டுவருவான்.

குசினியில் ஹற்றன் சந்திரமோகன்.
கொழும்பில் ஒரு சிங்கள பாஸிடம் பழகினவர்.
அந்த பாஸ் யாரிடம் பழகினாரோ.
சோயா சோஸோடு எங்கள் மிளகாய்த்தூளும் சேர்ந்து புகைய
நாலு மேசையும் ஒருமித்துத் தும்மியது.

வந்தது நூடில்ஸ், ஆவியோடு.
கோவா, கரட், கீலம் கீலமாய் முட்டை,
அடியில் ஒளித்துவைத்த கோழி.
மயூரதி கண்ணை மூடி ஒரு துண்டு வைத்தாள்.
பேச்சில்லை.

அப்போதுதான் அவர் ஏறி வந்தார்.
ஒரு சீனர். உண்மையான சீனர்.
கையில் தலைக்கவசம்; சப்பாத்தில் காய்ந்த சேறு.
கடை அடங்கியது,
பரீட்சை மண்டபத்துக்குள்
வினாத்தாள் போட்டவரே வந்துவிட்டதைப்போல.

"காத்தாலைக்கு வந்திருப்பார்," என்றான் ஜெனா. "தீவுப் பக்கம்."
"றோட்டு வேலை," என்றாள் மயூரதி, வாய் நிறைய.
றொபின்சன் ஒன்றும் சொல்லவில்லை.
கடலட்டைப் பண்ணைக்குக் கம்பு நட்ட நாளிலிருந்து
அவன் மாமாவின் வாயில் வேறு கதை இல்லை.
அந்தக் கோபத்தில் கொஞ்சம்
இவன் கோப்பையிலும் கிடந்தது.

அவர் எங்கள் மேசையைக் காட்டி
அதேதான் என்றார் விரலால்.
வந்ததும் முள்ளுக்கரண்டியைப் பார்த்தார்.
இரண்டு விரலைச் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தார்.
ரசிந்து முழித்தான். சந்திரமோகன் எட்டிப் பார்த்தார்.
பிறகு
கல்லாவுக்கு மேலே, சாமிப் படத்துக்குப் பக்கத்தில்,
கடை திறந்த நாளிலிருந்து அழகுக்குத் தொங்கிய
ஒரே ஒரு சோடிக் குச்சியை
கதிரையில் ஏறிக் கழற்றினான் ரசிந்து.
தூசி ஊதி, சுடுதண்ணியில் கழுவி,
விபூதித் தட்டு நீட்டுவதுபோல்
இரண்டு கையாலும் நீட்டினான்.

அவர் ஒரு இழையைக்கூட வெட்டவில்லை.
தூக்கினார், தூக்கினார், முடிவே வரவில்லை.
"வலை இழுக்கிறாரடா," என்றான் றொபின்சன்,
தன்னை மறந்து.

மூன்றாவது வாயில் உறைப்பு ஏறி
முகம் செவ்வரத்தம்பூ.
இருமல். கண்ணீர்.
தண்ணீர்ப் போத்தலை முதலில் தள்ளிவிட்டது
றொபின்சனின் கைதான்.
குடித்தார். மூச்சு விட்டார்.
மிளகாய்ப் பேஸ்ற் இன்னும் வேண்டும் என்று காட்டினார்.
நாலு மேசையும் சிரித்தது.
சந்திரமோகன் வெறும் சட்டியை
இன்னொரு தரம், தேவையில்லாமல், அடித்தார்.

பில்லைப் பிரித்தோம். நூறு ரூபாய் குறைந்தது,
வழக்கம்போல. யார் என்று சொல்லமாட்டேன்.
மயூரதி தலைமயிரை மணந்து பார்த்து
"ஒடிற்றில இப்பிடி மணக்குமோ?" என்றாள்.

அடுத்த சம்பளத்துக்குப் போனபோது
குச்சிகள் திரும்பவும் ஆணியில்.
ஒன்றின் நுனியில் மட்டும்
கழுவியும் போகாத சிவப்பு.

கணவாய் கேட்டோம்.
ரசிந்து இறால் கொண்டுவந்தான்.