பதினொரு வருட பாக்கி

"பாத்தியா?" என்று கேட்பான் ஞானதுரை
மழைக்கு மழை.
நானும் மழைக்கு மழை
"இந்த ஞாயிறு" என்பேன்.

நேற்று குர்லாவில் தண்டவாளம் முங்கி
ரயில் நின்றது. அலுவலகம் இல்லை.
செம்பூர் அறையில் நானும்
ஒரு தட்டு சேமியாவும்
முப்பது வருடப் பழைய கொலையும்.

துப்பாக்கி வெடித்ததெல்லாம் மனசில் நிற்கவில்லை.
வெடிக்குமுன் அந்தத் தடித்த ஆள்
சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டி,
கழற்றி,
திரும்பவும் அதே துளையில் மாட்டினான்.
அவ்வளவுதான். எனக்கு வியர்த்துவிட்டது.

காப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவில்
பொய் கேட்டுச் சம்பளம் வாங்குபவள் நான்.
கண்ணைத் தாழ்த்துகிறவன் பொய்யனில்லை;
கேள்வி முடியுமுன்பே தலையாட்டுகிறவன்தான்.
அந்த இன்ஸ்பெக்டர் அப்படி ஆட்டினார்,
ஒரே ஒரு தடவை.
எந்தக் கோரிக்கைதாரரிடம் கற்றாரோ மனுஷன்!

பிறகு, செத்தவனின் மனைவி.
மொத்தம் நாலு வசனம்.
பிணம் கிடக்கும் வீட்டு வாசலில்
பால்காரனுக்குச் சில்லறை எண்ணுகிறாள்.
ஒரு ரூபாய் குறைகிறது.
உள்ளே போகிறாள்.
கேமரா கூடப் போகவில்லை,
பால்காரனோடு நின்றுவிட்டது.
நானும் நின்றேன், ஸ்பூன் கையில்.

முடிவு சொதப்பல், அதையும் சொல்லவேண்டும்.
மழையில் துரத்தல், நடுவில் ஒரு பாட்டு.

இரவு பன்னிரண்டரைக்கு
நாக்பூருக்கு போன் அடித்தேன்.
"அந்தப் பொத்தான்" என்றேன்.
தூக்கத்தில் எடுத்தவன்
என்ன ஏது என்று கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
"இல்ல," என்றான்,
"அந்த ஒரு ரூபா."